கடலணை மேல் நண்டு ஓடுகள்

மகனே,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்க வேண்டும். அதற்கு முன் இதை உன் கையில் கொடுக்கக் கூடாது என்று உன் மாமாவிடம் சொல்லப்போகிறேன். இப்போது உனக்கு ஆறாவது வயது நடக்கிறது. பக்கத்து அறையில் தென்னை மட்டையைத் தரையில் இழுத்து ரயில் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்குவார்கள். விசாரிக்கிற நிலையில் இந்த வீடு இல்லை. மழைக்காலம் முடிகிற சமயத்தில் உன் அம்மா பூரணம் இறந்துபோனாள். அவளுக்கு வந்த அதே குளிர்காய்ச்சல் உனக்கும் இரண்டு தடவை வந்து போய்விட்டது. போன வாரம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் உன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடப்பக்கம் மண்ணீரல் வீங்கிக் கல் போல் இறங்கியிருக்கிறது, இன்னொரு காய்ச்சலை இந்த உடம்பு தாங்காது, அடுத்த மழைக்கு முன் பையனை இங்கிருந்து கொண்டுபோய்விடுங்கள் என்றார். அவரும் என்னைப் போலவே சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

கொண்டுபோக ஓர் இடம் இருக்கிறது. உன் அம்மாவின் அண்ணன் தங்கராசு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறார். பட்டறையில் பிட்டர் வேலை. பிள்ளை இல்லை. கருமாதிக்கு வந்திருந்தபோதே என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். "புள்ளைய குடுக்கிறதா இருந்தா முழுசா குடுத்திரு மாப்ளே. மாசா மாசம் நீ வந்து வாசல்ல நின்னுக்கிட்டு நான்தான் ஒங்கப்பன்னு சொன்னா, அவனுக்கும் ஒட்டாது, எங்களுக்கும் ஒட்டாது. வளந்தப்புறம் எல்லாத்தயும் நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் வரவும் வேணாம், கடுதாசி போடவும் வேணாம்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பதிலைக் கேட்க வருகிறார். சரி என்றால் அன்றைக்கே உன்னை அழைத்துப் போய்விடுவார். இன்று வியாழன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. தெரியாத நேரத்தில் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது என் தொழில் பழக்கம். அதைத்தான் இந்தத் தாளில் செய்கிறேன். இதில் ஒளிக்க எதுவும் இல்லை. கிள்ளான் கரையோரத் தோட்டங்களில் வேலை பார்க்கிற எவரும் இதைப் படிக்கலாம். படித்தால் அவர்களுக்கும் நல்லது.

உன் அம்மா ஏன் இறந்தாள் என்று உன்னிடம் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். கண் பட்டது என்பார்கள். வாய்க்கால் ஓரத்தில் இருக்கிற முனியாண்டிக்குக் கோழி நேர்ந்துகொண்டு கொடுக்காமல் விட்டாள் என்று தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் இப்போதே பேசுகிறார்கள். டிரஸ்ஸர் கொசு என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் அது கடைசி வரி மட்டும். முதல் வரியில் நீர்நாய் இருக்கிறது. நானும் உன் அம்மாவும் சேர்ந்து கொன்ற நீர்நாய்கள்.

சிரிக்காதே. முதலில் இந்த இடத்தைப் புரிந்துகொள். நீ வளரப்போகிற கோலாலம்பூரில் மேடும் பள்ளமும் இருக்கும், மழை பெய்தால் தண்ணீர் தானாக ஆற்றுக்கு ஓடும். இங்கே அப்படி இல்லை. இந்தத் தோட்டம் கடலிடமிருந்து பிடுங்கிய நிலம். ஓதம் ஏறும்போது கடல் நம் வீட்டு வாசற்படியைவிட உயரத்தில் நிற்கும். நடுவில் இருப்பது ஒரு மண் அணை. கடலோரச் சேற்றில் வளர்கிற பாக்காவ் மரக்காட்டுக்கும் ரப்பர் மரங்களுக்கும் இடையில் கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை ஓடுகிறது. உள்ளே மழைநீரை வடிக்க வாய்க்கால்கள். அவற்றை இங்கே கான் என்போம். கான் எல்லாம் அணையில் இருக்கிற மதகுக்கு வந்து சேரும். கடல் இறங்கும்போது மதகைத் திறப்போம், ஏறும்போது மூடுவோம். இவ்வளவுதான் என் வேலை. கோலாலம்பூரில் நிலத்தின் மட்டம் பார்க்கவும் படம் வரையவும் படித்துவிட்டு, அரசாங்க வேலையில் சேர்ந்து, ஆட்குறைப்பில் வெளியே தள்ளப்பட்டு, இந்தத் தோட்டத்தில் கான் ஓவர்சியராக வந்து சேர்ந்தேன். கானுக்கு எவ்வளவு சாய்வு வேண்டும், அணையின் அடி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அணை மண்ணால் மட்டும் நிற்பதில்லை என்பதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீர்நாய்கள் ஒரு குடும்பமாக இருந்தன. காலையில் நான் அணைமேல் நடக்கும்போது பாக்காவ் வேர்களுக்கு நடுவிலிருந்து வரிசையாக ஏறி வரும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓயாத கீச்சுச் சத்தம். என்னைப் பார்த்தால் பின்கால்களில் எழுந்து நின்று, யாரடா இவன் என்பது போலப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் நழுவும். அணையில் அவற்றுக்கென்று சில இடங்கள் உண்டு. அங்கேதான் எல்லாம் சேர்ந்து கழியும். அது முழுக்க நொறுங்கிய நண்டு ஓடு. காய்ந்தால் வெள்ளையும் சிவப்புமாகக் கிடக்கும், நாற்றம் மூக்கைப் பொத்த வைக்கும். அதே அணையில் உடும்புகளும் ஊர்ந்து திரியும், வளைக்குள் தலையை விட்டு நண்டை இழுக்கும். எனக்கு இதெல்லாம் அசுத்தம். அணை என் அணை, அதைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்று ஆள் விட்டு அந்த ஓடுகளைப் பெருக்கித் தள்ளச் சொல்வேன். தினமும் கண்ணெதிரே கிடந்ததை அள்ளிக் கடலில் கொட்டிவிட்டேன். அது என்ன சொல்கிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. அந்தக் காலத்தைப் பற்றி உன் மாமா சொல்வார். ஊரே விழுந்தது. லயத்தில் பாதி வீடு காலி. ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் கூலி குறைந்தது, எனக்குச் சம்பளம் குறைந்தது. கானில் கொசுப்புழுவுக்கு ஊற்றுகிற எண்ணெயையும் தோட்டத்துத் துரை நிறுத்தினார். லயத்துப் பெண்கள் கானில் கூடு வைத்து விராலும் கெளுத்தியும் பிடித்துத்தான் குழம்பு வைத்தார்கள். உன் அம்மா ஒரு படி மேலே போனாள். பிரிக்பீல்ட்ஸில் கடைத்தெருவைப் பார்த்து வளர்ந்தவள். எதையும் விற்க முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பாள். நம் வீட்டுக்குப் பின்னால் பயனில்லாமல் கிடந்த ஒரு பழைய கானை இரண்டு பக்கமும் கம்பி வலையால் அடைத்து, மீன் குஞ்சு விட்டு, தவிடும் சோற்றுக்கஞ்சியும் போட்டு வளர்த்தாள். பெரிதானதைக் கருவாடு போட்டுக் கிள்ளான் பாசாருக்குப் போகிற வண்டியில் விற்க அனுப்பினாள். உனக்கு அந்த வருஷம் கிடைத்த பால் டின் எல்லாம் அந்த மீன்தான். நான் இதைப் பெருமையாகச் சொல்கிறேன். அவளைப் போல நெருக்கடியில் நிமிர்ந்து நின்ற ஆளை நான் பார்த்ததில்லை.

நீர்நாய்க்கும் மீன் பிடிக்கும். வலைக்குள் கொழுத்த மீன் ஒரே இடத்தில் நிற்கும்போது அது ஏன் சேற்றில் நண்டு தோண்டப்போகிறது? ஒரு நாள் விடிந்து பார்த்தால் கம்பி வலை கிழிந்து, கரையெல்லாம் மீன் தலை. லயத்துக் கூடுகளும் பிய்ந்து கிடந்தன. பெண்கள் கூட்டமாக வந்து என் வாசலில் நின்றார்கள். உன் அம்மா அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, தண்ணிய மேல ஏத்துறீங்க, கீழ எறக்குறீங்க, கடலயே கட்டி நிறுத்துறேன்னு சொல்லிக்கிறீங்க. ஒரு தண்ணி நாய நிறுத்த வழி தெரியலயா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் துப்பாக்கியோடு வந்து ஒரு காலை முழுக்க உட்கார்ந்து, ஒன்றைச் சுட்டுவிட்டு, கொசுக்கடி தாங்காமல் போய்விட்டார். வலையை இரட்டிப்பாகக் கட்டியிருக்கலாம், மேலே மூடி போட்டிருக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும். எனக்குப் பொறுமை கிடையாது, உனக்கும் வராமல் இருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டோரில் லாலாங் புல்லைக் கருக்க அடிக்கிற மருந்து டின் டின்னாக இருந்தது. அந்தப் புல்லைத் தின்ற மாடு செத்ததைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் எடுத்து வந்தேன். உன் அம்மா மீனுக்குள் அடைத்தாள். கையில் படாமல் குச்சியால் செய், குச்சியை எரித்துவிடு, பையனைக் கிட்டே விடாதே என்று பக்கத்தில் நின்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிற திருப்தி இரண்டு பேருக்கும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாக வேறெதையும் செய்ததாக ஞாபகமில்லை.

நீர்நாய்கள் செத்தன. செத்தது அவை மட்டும் இல்லை. மருந்து மீனைத் தின்ற உடும்புகளும், செத்ததைத் தின்ற உடும்புகளும் அணை நெடுக மல்லாந்து கிடந்தன. லயத்தில் அன்றைக்குத் திருவிழா. மருந்தில் செத்த உடும்பைச் சமைக்க முடியாமல் போச்சே என்று ஒருவன் வருத்தப்பட்டான். "நீ சாப்புடுலா, ஒன் பொண்டாட்டிக்கு ஓவர்சியர் ஐயா வேற மாப்ள பாத்து வைப்பாரு" என்று இன்னொருவன் சொன்னான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

அந்தச் சிரிப்பை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தபோது டெங்கில் என்கிற ஊர்ப் பக்கத்துக் காட்டில் ஒரு புலியைச் சுட்டு, மாட்டு வண்டியில் போட்டுக் காஜாங் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். உன் மாமாதான் என்னை வேடிக்கைக்கு இழுத்துப்போனார். அப்போது நாங்கள் வெறும் சிநேகிதர்கள், நான் அவர் தங்கையைப் பார்த்ததுகூட இல்லை. கூட்டம் புலி மேல் விழுந்து மீசையைப் பிடுங்கியது, நகத்தைப் பெயர்த்தது. எலும்புக்கும் கொழுப்புக்கும் பேரம் நடந்தது. "செத்தப்புறம் எல்லாரும் வீரன்தான்டா" என்று உன் மாமா என் காதில் சொன்னார். ஆனால் அவரும் ஒரு மீசை முடியைப் பிடுங்கி மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் அந்தப் பக்கத்துக்கு மட்டம் பார்க்கிற வேலையாகப் போனேன். மரவள்ளிக் கொல்லையெல்லாம் உழுதுபோட்டது போல் கிடந்தது. இளம் ரப்பர் கன்றுகள் வேரோடு சாய்ந்திருந்தன. காட்டுப்பன்றி. முன்னெல்லாம் இவ்வளவு இல்லை, இப்போதுதான் பெருத்துவிட்டது என்று கொல்லைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பன்றி பெருத்ததையும் புலி செத்ததையும் நான் தனித்தனிச் செய்தியாகக் கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். கூட்டல் கணக்குப் போடக்கூடத் துப்பில்லாத படிப்பு.

நீர்நாயும் உடும்பும் போன பிறகு அணை அமைதியானது. பெருக்க வேண்டியதே இல்லை. எனக்குச் சந்தோஷம். ஒரு பருவம் போனது. அடுத்த பருவத்தில், காலையில் நான் நடந்து வரும்போது அணையின் கடல் பக்கம் முழுவதும் அசைவது போல் இருக்கும். நண்டு. காலடி அதிர்ந்ததும் சட்டென்று எல்லாம் வளைக்குள் போய்விடும், சேற்றில் ஓட்டைகள் மட்டும் தெரியும். அதை நான் அணையின் வெளித்தோலில் இருக்கிற ஓட்டை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு பெரிய ஓதம் வந்த ஒரு நாள் அணையின் உள்பக்க அடியில் ஈரம் கசிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

ஆட்களை விட்டு அந்த இடத்தை வெட்டச் சொன்னேன். வெட்ட வெட்ட வளை. ஒன்றோடொன்று சேர்ந்து, கை நுழைகிற அகலத்தில், வெளிப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய உள்பக்கம்வரை. பார்வைக்குக் கோட்டை மாதிரி நிற்கிற அணை உள்ளே புழுத்த பலகை. வெட்டிய மண்ணிலிருந்து நண்டுகள் கொட்டின, ஆட்கள் துள்ளிக் குதித்து ஓடினார்கள். நான் அந்தக் குழியில் நின்றேன். நான் பெருக்கித் தள்ளின ஓடு ஒவ்வொன்றும் இந்த அணையைத் தோண்டாமல் போன ஒரு நண்டு என்பது அப்போதுதான் மண்டையில் இறங்கியது. என் அணைக்குக் காவல் ஆள் இருந்திருக்கிறது. சம்பளம் கேட்காத ஆள். எப்போதாவது நம் மீனைத் தின்றதுதான் அதன் சம்பளம்.

நீ என்னைப் போல் படித்தவனாக வருவாய் என்று நினைக்கிறேன், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழியையும் செத்த நீர்நாயின் மேல் நான் கட்டவில்லை. அணை பழையது. அதைப் பூசிக் கெட்டிப்படுத்த முன்பிருந்த ஆட்களில் பாதிப் பேர் கப்பலேறிவிட்டார்கள். நீர்நாய்கள் இருந்திருந்தால் கசிந்தே இருக்காது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நான் அந்த மண்ணை வெட்டிப் பார்த்தவன். எனக்குத் தெரியும்.

துரையிடம் சொன்னேன். அணையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை பிளந்து, களிமண்ணை மிதித்து நிரப்ப வேண்டும், ஆள் வேண்டும் என்றேன். ரப்பர் விற்கிற விலையில் ஆளா என்று கேட்டார். கிடைத்த ஆட்களை வைத்து ஓட்டையை அடைத்தேன். ஓர் இடத்தில் அடைத்தால் இன்னோர் இடத்தில் கசிந்தது. கடல் உடைத்துக்கொண்டு உள்ளே பாயவில்லை. பாய்ந்திருந்தால் எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள், துரைக்கும் ஆள் கிடைத்திருக்கும். சத்தமில்லாமல் ஊறியது. பள்ளங்களில் உப்புக் கலந்த தண்ணீர் தேங்கி வெயிலில் பளபளத்தது. கான்களும் உப்பேறின. ஒரு காலையில் உன் அம்மாவின் மீன்கள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

அந்த மீன்களும் வேட்டைக்காரர்கள்தான் என்பதைக் கவனி. கானில் இருந்த மீன் எல்லாம், கஞ்சி தின்றது போக, கொசுப்புழுவைத் தின்றுகொண்டிருந்தது. எண்ணெய் நிறுத்தியும் ஒரு வருஷம் நம்மைக் காப்பாற்றியது அதுதான். அது செத்தது. உப்புத் தண்ணீரில் பெருகுகிற கொசு ஒன்று உண்டு, காய்ச்சலைச் சுமப்பதில் மகா கெட்டி என்று டிரஸ்ஸர் பிறகு சொன்னார். அதற்கு நாம் வெயில் படுகிற குளம் கட்டி, அதைத் தின்கிற வாயையும் அடைத்துக் கொடுத்துவிட்டோம். மேலே இருக்கிற ஒன்றைக் கொன்றால் நடுவில் இருப்பது பெருக்கிறது. அது நமக்கு வேண்டிய எதையோ அரிக்கிறது. அது என்ன என்று அரித்து முடிந்த பிறகுதான் தெரிகிறது.

மீன் செத்த அன்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நண்டு, வளை, நீர்நாய். அவள் செத்த மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அதுங்க என் மீன தின்னுச்சி, நான் அதுங்கள கொன்னேன். எல்லாத்தயும் நீங்களே செஞ்ச மாதிரி மூஞ்சிய தூக்கி வச்சிக்காதீங்க. எனக்கும் பங்கு உண்டு" என்றாள். பிறகு கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது கருவாட்டுக்குக்கூட ஆகாது என்று குழி தோண்டச் சொன்னாள். இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், உன் மாமா வீட்டில் உன் அம்மாவைப் படத்தில் மாலை போட்டு வைப்பார்கள், பாவம் ஒன்றுமறியாதவள் என்பார்கள். நம்பாதே. அவள் செய்ததை அவள் தன்னுடையது என்று சொன்னாள். என்னைவிட அதில் அவள் நேர்மையானவள்.

மழை தொடங்கியதும் லயத்தில் காய்ச்சல் வந்தது. முதலில் சின்னப் பிள்ளைகள், பிறகு எல்லோரும். உனக்கு வந்தபோது அவள் கொய்னா மருந்தை வெல்லத்தில் உருட்டி உன் வாயில் திணித்து, துப்பினால் முதுகில் ஒன்று வைத்து, மறுபடி திணித்தாள். உனக்குத் தெளிந்தது. அவளுக்கு வந்தது தலைக்கு ஏறிவிட்டது. நினைவு தப்பும் முன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "புள்ள கொஞ்ச நாளைக்கு எங்கண்ணன் வூட்ல இருக்கட்டும். தண்ணி நல்லானதும் கூட்டியாந்துருங்க." மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். அவளுக்கு வயது இருபத்தாறு. அதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி என்று பார்த்தால் அதிகம் இல்லை. ஏதாவது ஒரு பிராணி உன் பிழைப்பில் வாய் வைக்கும்போது, அதைக் கொல்வதற்கு முன் அது மற்ற நாளெல்லாம் எதைத் தின்கிறது என்று பார். குனிந்து அதன் சாணத்தைக் கிளறிப் பார்க்க வேண்டியிருந்தாலும் பார், மானம் போகாது. உன் பெண்டாட்டி ஒன்றைக் கேட்டதும் உடனே செய்துகொடுப்பதுதான் அன்பு என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு நாள் எடுத்துக்கொள். திட்டுவாள், திட்டட்டும். ஒரு வேலை சுலபமாக முடிகிறது என்றால் அதில் நீ பார்க்காத ஏதோ ஒரு பக்கம் இருக்கிறது. ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சிரிக்கும்போது உனக்கும் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போ, ஆனால் வீட்டுக்கு வந்து யோசி.

"தண்ணி நல்லானதும்" என்றாளே, அதுதான் எனக்குச் சிக்கல். எப்போது நல்லாகும்? அணையை நான் துண்டு துண்டாகப் பிளந்து கட்டிவருகிறேன். மருந்தை ஸ்டோரை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்று துரையிடம் சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். உடும்பு ஒன்றிரண்டு கண்ணில் படுகிறது. நீர்நாய் இதுவரை வரவில்லை. மேல்கரையில் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கலாம் என்கிறார்கள், வருமா என்று எனக்குத் தெரியாது. கொல்வதற்கு ஒரு வாரம் போதும். திரும்பி வருவதற்கு எத்தனை வருஷம் என்று எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை. நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உன்னோடு கோலாலம்பூருக்கு வந்துவிடலாம். அங்கே எனக்கு வேலை இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். கிடைத்தாலும், லயத்தில் கப்பலேறாமல் மிஞ்சின வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு பிரிக்பீல்ட்ஸில் மாமா இல்லை. நான் போய்விட்டால் அந்த அணையில் எந்த இடம் உள்ளே பொக்கை என்று தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. கணக்கு இப்படி வந்து நிற்கிறது. பேனாவை வைத்துவிட்டேன்.

இனி எழுதுவது ஞாயிற்றுக்கிழமை.

உன் மாமா வந்தார். உனக்கு ஒரு புதுச் சட்டையும் தகரத்தில் செய்த ஒரு என்ஜினும் கொண்டுவந்தார், பட்டறையில் அவரே வெட்டி ஒட்டியது. அவர் போட்ட நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தும்படி கேட்டேன், தீபாவளிக்கு ஒரு தடவை வருகிறேனே என்றேன். என்னிடம் அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். உன் மாமி முன்பு ஒரு சொந்தக்காரப் பிள்ளையை வளர்த்தாளாம். நடக்கப் பழகி, அவளை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு பெற்றவர்கள் வந்து தூக்கிப் போய்விட்டார்களாம். எனக்கு இது இதுவரை தெரியாது. "அன்னைலேருந்து அவ பாதி ஆளுதான் மாப்ளே. நீ நல்லவன். ஆனா கதவு தட்டுற சத்தம் கேட்டாலே அவ அடுப்படில போயி ஒளிஞ்சிக்குவா. நான் என்னா செய்ய?" என்றார்.

நான் சரி என்றேன். இந்தக் காகிதக் கட்டை அவர் கையில் கொடுத்து, மீசை முளைத்த பிறகு கொடுங்கள் என்றேன். இதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். நீர்நாயைப் பற்றி என்றேன். பெண்டாட்டி போன துக்கத்தில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்பது போல ஒரு பார்வை பார்த்தார். பிறகு, ஸ்டேஷனில் வாங்கிக்கொள்கிறேன், நீ எழுதி முடி என்று திருப்பிக் கொடுத்தார். அதனால் இந்தக் கடைசிப் பக்கத்தைக் கிள்ளான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரயில் வந்து நிற்கிறது. மாமா சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

நீ வளர்கிற வீட்டில் ஒருவரை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாய். இதைப் படித்துவிட்டு அதை மாற்றாதே. அந்தப் பெண்மணியின் கதவைத் தட்டி உன்னைத் திருப்பிக் கேட்க நான் வரமாட்டேன். அணை நின்றால், தண்ணீர் நல்லதானால், நீ பெரிய ஆளாக, உன் இஷ்டத்துக்கு ஒரு நாள் வந்து பார். வராவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதலாம்தான். பொய் எழுதிப் பழக்கமில்லை.

இங்கே வருகிற வழியெல்லாம் நான் ஒன்றையே நினைத்துப் பயந்துகொண்டு வந்தேன். வண்டி வந்ததும் நீ அழுவாய், என் வேட்டியைப் பிடித்துக்கொள்வாய், உன் விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும், என்னால் அது முடியாது, உன்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பிவிடுவேன், அடுத்த மழையில் உன்னையும் புதைப்பேன். அப்படி நடக்கவில்லை. இப்போதுதான், சற்று முன்னால், என்ஜின் புகை விட்டுக்கொண்டு வந்து நின்றதும், நிஜ ரயிலைப் பார்த்த சந்தோஷத்தில் நீயே என் கையை உதறிவிட்டு ஓடினாய். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

என்றைக்காவது இது ஞாபகம் வந்து உன்னை உறுத்தினால், உறுத்த வேண்டியதில்லை. நான் விட முடியாத கையை நீ விட்டாய். உன் உயிர் அதனால்தான் பிழைத்தது.

மாமா கைநீட்டுகிறார். கொடுத்துவிடுகிறேன்.